மண்ணில் கொட்டிய எண்ணெயும் கீழத்தெருக் கிணறும்

மகனே,

இந்தக் கடிதம் உன் டிரங்குப் பெட்டியில் சலவை வேட்டிகளுக்கு அடியில் இருக்கும். அங்கே வைப்பது உன் அம்மாவின் யோசனை. ரயில் கல்கத்தாவைத் தாண்டும் வரை நீ வேட்டி மாற்ற மாட்டாய், உன் சுத்தம் எங்களுக்குத் தெரியும். ஆகவே நீ இதைப் படிக்கும்போது நான் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பேன். எனக்கும் அதுதான் வசதி. நாளைக்கு மதுரை ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிடும்போது பெட்டி பத்திரம், தண்ணீரைப் பார்த்துக் குடி, போனதும் கடுதாசி போடு என்று ஊரில் எல்லா அப்பனும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது. இருபது வருஷமாக ஆயில் இன்ஜின் பக்கத்திலேயே நின்றவன். கத்தத் தெரியும், பேசத் தெரியாது. எழுத்து அப்படியில்லை. அது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது, நானும் அதன் எதிரே சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அஸ்ஸாமில் பூமிக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கிற இடத்தில் உனக்கு ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து காப்பிக்கடையில் என்னை உட்காரவிடாமல் கேள்வி கேட்கிறார்கள். "மண்ணுலருந்து எண்ணெ எடுக்கவா அம்புட்டுத் தூரம் போறான் ஒம் மகன்?" என்று நேற்று முன்தினம் ஒருவர் கேட்டார். அவன் அதை இங்கேயே எடுத்துப் பழகியவன்தான் என்றேன். சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போனது. எனக்கே சிரிப்பு வந்தது. அந்த எண்ணெயை நீ மண்ணிலிருந்து எடுத்த கதையை ஊர் அறியும். மண்ணில் கொட்டியவன் யார் என்பதையும் அறியும். ஆனால் அதைப் பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வருஷமாகப் பேசியதில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கடிதம்.

காளவாசலுக்கு மேற்கே நம் ஊர் நெல் மில்லில் நான் இன்ஜின் டிரைவராகச் சேர்ந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை. அந்த நாளில் இன்ஜின் டிரைவர் என்றால் கலெக்டருக்கு அடுத்தபடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. விடிந்ததும் இன்ஜினின் தலையை ஊதுவிளக்கால் காய்ச்சி, சிவந்து வரும் பதம் பார்த்து, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி எழுப்பவேண்டும். பதம் தெரியாதவன் நாள் பூராவும் ஆட்டினாலும் அது எழுந்திருக்காது. எனக்கு மூன்றாவது ஆட்டில் எழுந்துவிடும். என் இன்ஜின் அறைத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். பித்தளைக் குழாய்களைப் புளி போட்டு நானே தேய்ப்பேன். முதலாளியே வந்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தேன். அவரும் அதற்குக் கட்டுப்பட்டார். வெளியூர் மில்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது இன்ஜின் அறையா பூஜை அறையா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சுத்தத்தின் இன்னொரு பாதி பின்வாசலுக்கு வெளியே இருந்தது. எரிந்து கறுத்த மசகெண்ணெய், குரூட் ஆயில் பீப்பாயின் அடியில் தங்கும் மண்டி, வழிந்ததை வழித்தெடுத்த கசடு எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு தரம் வாளியில் அள்ளிப் பின்புறக் குழியில் ஊற்றிவிடுவேன். மறுநாள் பார்த்தால் மண் குடித்திருக்கும். மண்ணுக்கு எம்புட்டுத் தாகம் என்று சிரித்துக்கொள்வேன். அப்படிப் பதினைந்து வருஷம் ஊற்றினேன். மண் அதைக் குடித்து எங்கே வைத்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டைக் கூட்டி அடுத்தவன் வாசலில் தள்ளுகிறவளை ஊர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும். நான் தள்ளியது கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் என்னை யாரும் கேட்கவில்லை.

குழிக்கு அந்தப் பக்கம் மில்லின் பின்சுவர். சுவரை ஒட்டிப் பள்ளத்தில் கீழத்தெரு. அங்கே இருந்தவர்கள் சொந்தமாகக் கையகல நிலமும் இல்லாத கூலிக்காரக் குடும்பங்கள். நம் வயலில் நடவு நட்டதும் அறுத்ததும் அவர்கள்தான். ஊர்க் கிணற்றில் மட்டும் அவர்கள் கயிறு போடக்கூடாது. குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட அவர்களுக்கு இருந்தது சுவரிலிருந்து நாற்பது அடியில் ஒரே ஒரு கிணறு. அந்தத் தெருவிலிருந்து மில் வேலைக்கு வந்தவள் கருப்பாயி. நெல் புடைப்பாள், களம் கூட்டுவாள். யுத்தம் வந்து கழிவுப் பஞ்சு கிடைக்காமல் போன பிறகு, இன்ஜின் துடைக்கிற கந்தல் துணிகளை வேகவைத்து வெளுத்துத் தருவதும் அவள் வேலையாயிற்று. சலவைக்கு எடுக்கிற உவர்மண்ணைக் கரைத்து, பானையில் துணியை வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைச் சிரட்டையால் வழித்து வைத்துக்கொள்வாள். அவள் குடிசைக் கால்களுக்குக் கறையான் வராமல் பூச அது உதவும் என்பாள். அவளுடைய சாமர்த்தியத்தை நான் ஒரு வேலையாகவே மதித்ததில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவள் என் அறை வாசலில் வந்து நின்று, கிணற்றுத் தண்ணீரில் இன்ஜின் வாடை அடிக்கிறது, மேலே வானவில் மாதிரி ஒரு ஏடு படருகிறது என்றாள். நாலு வாளி இறைத்துக் கொட்டு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். கிணற்றில் ஏதாவது செத்துக் கிடக்கும், பார் என்றேன். பிழைப்புக்குப் பயந்து அப்படிச் சொன்னேன் என்றால் நீ மன்னிப்பாய். பயம் பிறகுதான் வந்தது. அப்போது இருந்தது வெறும் அலட்சியம். என் குழியைப் பற்றிக் கேள்வி கேட்க இவள் யார் என்ற அலட்சியம். மகனே, உன்னிடம் ஒரு குறையைச் சொல்ல வருகிறவன் எந்த வாசலிலிருந்து வருகிறான் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதே. நான் அப்படித்தான் பார்த்தேன்.

அந்தத் தை மாதம் கருப்பாயியின் மகளுக்குக் கல்யாணம். திருமங்கலம் பக்கத்து மாப்பிள்ளை. யுத்தக் காலத்தில் அரிசி சேர்ப்பது எம்புட்டுக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும். மில்லில் மாதக்கணக்கில் வேலை பார்த்து, கூலியாக நொய்யும் அரிசியும் வாங்கிப் பானை பானையாகச் சேர்த்து வைத்திருந்தாள். வேறு தண்ணீருக்கு வழியில்லாமல் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே உலை வைத்தாள். பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் இலையை மூடிவிட்டு எழுந்தாராம். பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெண்ணை அழைத்துக்கொண்டு பசியோடு போய்விட்டார்கள். கல்யாண வீட்டில் மூடிய இலைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

மறுநாள் அவள் தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். மீந்த சோற்றுப் பானையைக் களத்தில் முதலாளி முன்னால் இறக்கி வைத்தாள். டவுனில் பஸ் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ அன்றைக்கு லீவில் வந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாய். முதலாளி என்னைப் பார்த்து, எண்ணெய் நம்முடையதா என்று கேட்டார். ஒரு சொல் போதும். ஆமாம் என்றிருக்கலாம். நான் சொன்னது இது: இங்கே ஒரு சொட்டு வெளியே போகாது, என் அறையை வந்து பாருங்கள், அவர்களில் யாரோ மண்ணெண்ணெய் டப்பாவைக் கிணற்றில் கழுவியிருப்பார்கள். மண்ணெண்ணெயே கிடைக்காத காலத்தில் சொன்னேன். பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

நீ தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாய். "அய்யா சொல்றது பொய்யி, முதலாளி. இந்தா காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக் குழிக்குப் பக்கத்தில் இறக்கினாய். இடுப்பளவு இறக்கி வெளியே இழுத்தபோது கம்பி அடி முதல் நுனி வரை கறுப்பாக மினுங்கியது. சுவர்ப் பக்கம் நகர்ந்து இன்னொரு இடத்தில் இறக்கினாய். அங்கேயும் கறுப்பு. நான் வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். இருபது வயசுப் பிள்ளையை, கீழத்தெரு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க அறைந்தேன். நீ கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, "சோறு ஆறிப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. வாயைத் திறந்து அழ முடியாத ஆள் நான். இன்ஜினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அந்தக் கணத்தில்கூட உன்மேல் ஆத்திரம் முக்கால், பெருமை கால் என்றுதான் இருந்தது. இப்போது ஆத்திரத்தின் மிச்சமே இல்லை.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இலையில் சோற்றை வைத்துவிட்டு, "மகன் சொன்னது பொய்யா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் நடந்ததை நீ உன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்து பர்மா எண்ணெய் நின்ற பிறகு, இன்ஜினில் எரிக்கிற குரூட் ஆயிலுக்குப் பர்மிட், அதையும் அளந்து அளந்து கொடுத்தார்கள். மில் வாரத்தில் பாதி நாள் நின்றது. நீ முதலாளியிடம் போய், பின்கட்டு மண்ணில் பதினைந்து வருஷத்து எண்ணெய் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன், தோண்ட அனுமதி கொடுங்கள் என்றாய். கிணறு என்ற சொல்லை நீ எடுக்கவேயில்லை. எண்ணெய் என்றதும் அவர் கண் விரிந்தது, சரி என்றுவிட்டார். ஷெட்டில் லீவு போட்டுவிட்டு வந்தாய். கீழத்தெரு ஆண்கள் எட்டுப் பேர் உன்னோடு மண்வெட்டி பிடித்தார்கள். இரண்டு ஆள் ஆழம் வரை கறுப்பு மண்ணாகவே வந்தது. அம்புட்டும் என் கையால் ஊற்றியது.

அதிலிருந்து எண்ணெயை எப்படிப் பிரிப்பது என்று நீ இன்ஜினியர் யாரையும் தேடிப் போகவில்லை. கருப்பாயியிடம் போனாய். கந்தல் துணியில் நீ செய்வதை மண்ணில் செய்யமுடியுமா என்று கேட்டாய். அவள் யோசித்துவிட்டு, துணி எண்ணெயை விடுமென்றால் மண்ணும் விடும் என்றாள். பீப்பாயில் பாதிக்கு மண், மேலே கொதிநீர், ஒரு பிடி உவர்மண், அகப்பையால் மெதுவாகத் துழாவல், பிறகு வெயிலில் அசையாமல் விட்டுவிடுவது. மண் அடியில் தங்கும், நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். சிரட்டையால் வழித்தெடுத்துத் தனியாகக் காய்ச்சி, உள்ளே நிற்கும் நீரை ஓட்டி, துணியில் வடிகட்டினால் இன்ஜினுக்கு ஆகும். முதல் சிரட்டையை நீ வழித்தபோது நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குள் பேச்சு இல்லாத காலம்.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்ஜின் தெரிந்தவன் நான் இருக்க, துணி வெளுக்கிறவள் சொல்லிக்கொடுப்பதா? ஒரு மத்தியானம் நீங்கள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒரு பிடிக்குப் பதில் ஒரு கூடை உவர்மண்ணைக் கொட்டி, துடுப்பை எடுத்துக் கடை கடை என்று கடைந்தேன். அம்புட்டு எண்ணெயும் ஒரே மூச்சில் கக்கிவிடும் என்று கணக்கு. பீப்பாய் முழுக்கத் தவிட்டு நிறத்தில் மோர் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் மேலே வரவும் இல்லை, அடியில் போகவும் இல்லை. இரண்டு நாள் அப்படியே நின்றது. நான் செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை. என் வேட்டிக் கறை சொல்லிற்று. கருப்பாயி பார்த்துவிட்டு, "அவசரப்பட்டுக் கடைஞ்சா மோருதேன் வரும், டிரைவரய்யா. உப்புப் போட்டு வெயில்ல விடுங்க, திரிஞ்சிரும்" என்றாள். அவள் சொன்னபடி உப்பை அள்ளிப் போட்டு வைத்தோம். மூன்றாம் நாள் மேலே கறுப்பாகத் தெளிந்து நின்றது. அன்றைக்குத்தான் நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்யவேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். நீ, விறகு பிளந்து போடுங்கள் என்றாய். பதினைந்து வருஷ டிரைவர் விறகு பிளந்தேன். நன்றாகத்தான் பிளந்தேன்.

கழுவிய மண்ணும் கறுப்பு முழுதும் போகாமல்தான் இருந்தது. அதைத் திரும்பக் குழியில் தள்ளாதே என்று நீ பிடிவாதம் பிடித்தாய். மாட்டு வண்டிகளில் ஏற்றிக் காளவாசல் செங்கல் சூளைகளுக்கு அனுப்பினோம். சூளைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். எரிகிற மண் என்று தெரிந்ததும் இன்னும் இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார்கள். குழியில் களிமண் மிதித்து, மேலே செம்மண் நிரப்பினோம்.

கிணற்றின் மேல் மிதந்த எண்ணெய்தான் சிக்கல் கொடுத்தது. வாளியை விட்டால் எண்ணெய் ஒதுங்கித் தண்ணீர்தான் வந்தது. கந்தல் துணியை விட்டால் தண்ணீரைக் குடித்து முங்கிப்போனது. நீ வீட்டில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா தலையணையை வெயிலில் போட வந்தவள் நின்று, "இலவம்பஞ்சு தண்ணியக் குடிக்காதுடா. மழையில நனைஞ்சாலும் உதறுனாப் போச்சு. ஆனா ஒங்க அய்யா தலை எண்ணெயப் பூராங் குடிச்சு வச்சிருக்கு பாரு" என்று என் தலையணையைத் தூக்கிக் காட்டினாள். நான் அதுவரை என் தலையணையால் யாருக்கும் பெருமை வரும் என்று நினைத்ததில்லை. எங்கள் கல்யாணத் தலையணைகள் இரண்டையும் அவளே பிரித்தாள். வலைத்துணியில் பஞ்சைப் பொதிந்து கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி நீரின்மேல் இழுத்தாய். தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் குடித்துக் கறுத்து மேலே வந்தது. பிழிந்துவிட்டு மறுபடி இறக்கினாய். போடிப் பக்கத்துப் பஞ்சு. அதன் பிறகு இரண்டு வருஷம் நானும் உன் அம்மாவும் வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தோம்.

மேல் எண்ணெய் போனாலும் கிணற்றை ஒரேயடியாக இறைத்துத் தூர் வாராமல் வாடை போகாது. கைவாளியால் ஆகாது, ஊற்று வேகம் அப்படி. மில் பம்பைக் கிணற்று மேட்டில் வைத்து, இன்ஜினிலிருந்து நீள பெல்ட் போட்டு இறைக்கலாம் என்றாய். அதற்குள் எண்ணெய் நாலு பீப்பாய் நிறைந்திருந்தது. முதலாளி வந்து பார்த்தார். களத்தில் நெல் மூட்டை மலையாகக் கிடந்தது. நாளைக்கே மில்லை ஓட்டு, கிணறு அப்புறம் என்றார். நீ வாதாடினாய். அவர் கேட்கவில்லை. எண்ணெய் அவருடையது, மண் அவருடையது, இன்ஜின் அவருடையது. கடைசியில் நீ என்னைப் பார்த்தாய். கேட்கவில்லை, பார்த்தாய். அந்த இன்ஜினை எழுப்பத் தெரிந்தவன் அந்த ஊரில் நான் ஒருவன்தானே.

மறுநாள் விடிந்ததும் நான் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் மில்லின் பின்சுவரில் பெல்ட் போகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். முதலாளி சத்தம் கேட்டு ஓடிவந்தார். "நீ முதலாளியா, நான் முதலாளியா?" என்றார். "நீங்கதேன். ஆனா கொட்டுனவன் நானு. கெணறு எறச்சுட்டுத்தேன் நெல்லு அரைப்பேன். வேண்டாம்னா வேற டிரைவரப் பாத்துக்கங்க" என்றேன். மகனே, ஆயிரக்கணக்கான காலைகளில் அந்த இன்ஜினை எழுப்பியவன், அன்றைக்கு அதன் தலையை வழக்கத்தைவிட இன்னொரு பங்கு காய்ச்சினேன். மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய், ஏற்குமா ஏற்காதா என்று தெரியாது. மூன்றாவது ஆட்டில் எழவில்லை. நாலாவதில் எழவில்லை. ஐந்தாவதில் ஒரு இருமல் இருமி, கறுப்பாய்ப் புகை தள்ளி எழுந்தது. பெல்ட் சுவரைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் ஓடியது. பம்பு வாயில் தண்ணீர் வந்ததும் அங்கே பெண்கள் குலவை போட்டது இன்ஜின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. முதலாளி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பிவிட்டு யாரை வைத்து அரைப்பார்?

மூன்று தரம் இறைத்தோம், மாதத்துக்கு ஒன்றாக. தூர் வாரினோம். ஐப்பசி மழை வந்து கிணறு நிறைந்தது. கார்த்திகையில் ஒரு நாள் கருப்பாயி உன்னையும் என்னையும் கூப்பிட்டுவிட்டாள். தெருவே கிணற்றடியில் நின்றது. கல்யாணமாகிப் போன அவள் மகள், புருஷனோடும் மாமனாரோடும் வந்திருந்தாள். இலையை மூடினாரே, அந்தப் பெரியவர்தான் மாமனார். கருப்பாயி புதுக் கலயத்தில் தண்ணீர் மொண்டு முதலில் உன்னிடம் நீட்டினாள். நீ வாங்கி ஒரே மூச்சில் குடித்தாய். அடுத்து என்னிடம் நீட்டினாள். நான் தாகமில்லை என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய், எனக்குத் தெரியும். கலயத்தை அவள் அந்தப் பெரியவரிடம் கொடுத்தாள், அவர் குடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் உன்னிடம் நானாகவே சொன்னேன், எண்ணெய் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கும் போலிருக்கிறது, வயிற்றுக்கு ஆகாது என்று. நீ ம் என்றாய். சுவரில் ஓட்டை போட்ட கை, ஒரு கலயத்தை வாங்கவில்லை. வாடைக்குப் பயந்து வாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை நாளை ஓட்டினேன். தண்ணீரில் வாடை இருந்தால்தானே? அது எந்தத் தெருவின் தண்ணீர், யார் கையால் மொண்ட தண்ணீர் என்பதுதான் என் கையைத் தடுத்தது. களத்தில் நான் சொன்ன முதல் பொய்யை நீ கடப்பாரையால் குத்தி வெளியே எடுத்தாய். இந்த இரண்டாவது பொய்யை உன்னால் எடுக்க முடியவில்லை, அது எனக்குள் அத்தனை ஆழத்தில் ஊறியிருந்தது. அதை நான்தான் எடுக்கவேண்டும்.

நேற்று மத்தியானம் கீழத்தெருவுக்குப் போனேன். என் காலால் அந்தத் தெருவுக்குள் போனது இது இரண்டாம் தடவை. கருப்பாயி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள். மில்லில் ஏதாவது விபத்தோ என்று நினைத்திருப்பாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு, தாயி" என்றேன். "இந்தக் கெணத்துத் தண்ணியா, டிரைவரய்யா?" என்று கேட்டாள். அதேதான் என்றேன். அவள் அவசரப்படவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போய், புதுசாக ஒரு வாளி இறைத்து, கலயத்தைக் கழுவி, நிறைய மொண்டு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நின்றபடியே குடித்தேன். குளிர்ச்சியான, லேசாக இனிக்கிற தண்ணீர். நம் கிணறு கொஞ்சம் உவர்ப்பு, உனக்கே தெரியும். "மிஷின் வாடை அடிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அது அடிக்காம மூணு வருசமாச்சுய்யா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கலயத்தை வாங்கிக்கொண்டு மறுபடி புளி உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மகனே, நீ போகிற ஊரில் எண்ணெயை வாளியில் அல்ல, ஆறாக எடுப்பார்களாம். அங்கேயும் பின்வாசல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்ததும் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பார். பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார். அதற்கு மேல் உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடப்பாரையை எங்கே இறக்குவது என்று உனக்கு இருபது வயசிலேயே தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் அறைந்த கன்னத்தை நாளைக்கு ஸ்டேஷனில் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. கூட்டத்தில் எனக்குக் கை வராது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்: நீ சொன்னதுதான் நிஜம், நான் சொன்னது பொய். உன் அப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அம்புட்டுப் பெருமை.

நாளைக்கு ரயில் நகரும்போது நம் பித்தளைக் கூஜாவை ஜன்னல் வழியாக உன் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக் குடி என்று சொல்வேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லமாட்டேன், நாலு பேர் நிற்பார்கள். இந்நேரம் நீ அதைக் குடித்து முடித்திருப்பாய். அது இன்றைக்கு நானே போய் வாங்கிவந்த கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர், நான் குடித்துப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

உன் அய்யா